சூசை கடைக் குழியும் ‘சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்’ஸும்

அநீதி இழைக்கப்பட்டவர்: திண்டுக்கல், சவேரியார் குறுக்குத் தெரு, ‘நல்மரணம் சவப்பெட்டி நிலையம்’ உரிமையாளர் சூசை. இழைக்கப்பட்ட அநீதி: கடை வாசலை மறித்து வெட்டப்பட்ட ஒரு குழி. இழைத்தவர்: குழாய்ப் பதிப்புத் துணைக்கோட்ட அலுவலகம். இதில் யாருக்கும் சந்தேகம் வர நியாயமில்லை. குழியின் தலைமாட்டில் அவர்களே ஒரு பலகை நட்டு, இங்கிலீஷில் ஒப்புக்கொண்டிருந்தார்கள்: ‘சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்.’

குற்றவாளியே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதை மஞ்சள் பெயிண்டில் எழுதி, கீழே அலுவலகத்தின் பெயரையும் போட்டுவிட்டால் வழக்கு முடிந்தது என்றுதானே யாருக்கும் தோன்றும்? சூசையின் மகள் பிரிஸ்கில்லாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் எம்.ஏ. இரண்டாம் வருஷம். பேச்சுப் போட்டிகளில் அவள் வாங்கிவந்த கோப்பைகளில் அவள் அம்மா ஆனந்தமேரி கடுகு, சீரகம், வெந்தயம் என்று போட்டு வைத்திருந்தாள். தப்பு என்று தெரிந்தால் திருத்த வேண்டும், திருத்தவில்லை என்றால் தப்பு என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம். இதுதான் பிரிஸ்கில்லாவின் கட்சி. 2003-ஆம் வருஷத்துத் திண்டுக்கல்லில் இந்தக் கட்சிக்கு அவள் ஒருத்திதான் உறுப்பினர்.

குழி வெட்டியது ஆடி மாசம். குழாய் வரும், பதிப்போம், மூடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழாய் வரவில்லை. ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, ஐப்பசியும் மழையும் சேர்ந்தே வந்தன. தெருவே குறுகல் என்பதால் எல்லாரும் குழியைத் தாண்டித்தான் போக வேண்டும். போவதற்கும் வருவதற்கும் குழியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டார் சூசை.

சவப்பெட்டி வியாபாரம் மற்ற வியாபாரம் மாதிரி இல்லை. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியை நாலு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். குழிக்கு மேல் கிடந்ததோ ஒற்றைப் பலகை. அதில் ஒரு ஆள் போகலாம். அதுவும் கையை விரித்துக்கொண்டு, சர்க்கஸ்காரன் மாதிரி.

மழை விட்ட ஒரு காலையில், காலமான வாத்தியார் ஒருவருக்காக அவருடைய இரண்டு மருமகன்கள் வந்து தேக்கில் ஒரு பெட்டி எடுத்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பலகையின் நடுவில் வரும்போது பின்னால் வந்தவருக்குத் தும்மல் வந்தது. பெட்டி குழிக்குள் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால், அளவெடுத்து வெட்டியது போல, நாலு பக்கமும் விரல் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தது. மருமகன்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆளுக்கு முந்தி பெட்டி போயிருச்சே சகல. இன்னொரு ஆளு கேக்குமோ?” என்றார் முன்னால் வந்தவர்.

“பெட்டிய விட்டது நானு. பிடிக்காம விட்டது நீரு. அது ரெண்டு பேரையும்தான் கேக்கும்” என்றார் தும்மியவர்.

போனவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் போய் நின்றார்கள். வாத்தியார் அந்தக் கடைப் பெட்டியில்தான் போனார். அவருக்குப் பின்னால் செத்தவர்கள் எல்லாரும் வாத்தியார் வழியைப் பின்பற்றினார்கள். குழியிலிருந்து கயிறு கட்டித் தூக்கிய தேக்குப் பெட்டியை யாரும் தொட மாட்டேன் என்றுவிட்டதால் அதன் மூடியைக் கழற்றி, பழைய பலகைக்குப் பதிலாகக் குழியின் மேல் குறுக்கே போட்டார் சூசை. நல்ல தேக்கு. வழவழவென்று பாலீஷ் போட்டது.

வியாபாரம் படுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர், “கிறிஸ்துமஸுக்கு மேல நம்ம கடைக்கே வந்துருங்கண்ணே, இழைப்பு வேல இருக்கு” என்று ஆள் அனுப்பியிருந்தார். முப்பது வருஷம் முதலாளியாக உளி பிடித்தவர், கூலிக்கு இழைப்புளி தள்ளப் போக வேண்டும். குழி மூடினால் கடை, மூடாவிட்டால் கூலி. நிலைமை இவ்வளவுதான்.

இதற்கு நடுவில், கீரனூரிலிருந்து துக்கத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டுக் கண் கலங்கிக் கடைக்குள் வந்தார். “ஏனுங்க, எத்தனையோ பெட்டிக் கடை பாத்திருக்கேனுங்க. வாசல்லயே போர்டு வச்சு, செத்தவங்க வீட்டுக்கு வருத்தம் சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க” என்று சூசையின் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி மட்டும் வாங்கவில்லை.

அன்றைக்குத்தான் பிரிஸ்கில்லா துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த பியூன் எழுந்து, கையை நெஞ்சில் வைத்து, “சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்” என்றார். உள்ளே நாலு மேசை இருந்தன. நாலிலிருந்தும் அதே வாசகம் வந்தது. முதல் மேசை அழுகிற குரலில் சொன்னது. இரண்டாவது மேசை கொட்டாவியின் நடுவில் சொன்னது. மூன்றாவது மேசை மிக்சர் மென்றுகொண்டே சொன்னது. நாலாவதில் ஆளே இல்லை. நாற்காலி முதுகில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. பக்கத்து மேசைக்காரர், “அவருக்கும் சேத்து நானே சொல்லிர்றேன்” என்று இன்னொரு முறை சொன்னார்.

உதவிப் பொறியாளர் பெருமாள்சாமி அரைக்கைச் சட்டைக்கு மேல் டை கட்டியிருந்தார். நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நடந்த ‘நுகர்வோர் மனநிறைவுப் பயிற்சி’க்குப் போய்வந்ததிலிருந்து அதைக் கழற்றுவதில்லை. சாம்பார் சாதம் சாப்பிடும்போது மட்டும் தோளில் போட்டுக்கொள்வார்.

“உக்காரும்மா. சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்.”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே சார்.”

“நீ சொல்லுறதுக்கு முந்தி நாங்க முந்திக்கிறணும். அதான் ட்ரெய்னிங்.”

“குழிய எப்ப சார் மூடுவீங்க?”

“எந்தக் குழிம்மா?”

“சவப்பெட்டிக் கடைக் குழி.”

பெருமாள்சாமியின் முகம், பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையை யாரோ விசாரித்தது போல மலர்ந்தது. “அடடே, நம்ம குழியா!” என்று எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார். மனநிறைவில் மண்டலத்திலேயே முதலிடம் என்று அதில் அச்சடித்திருந்தது. “இதெல்லாம் யாரால? உங்கப்பா கட வாசலால. நானே வந்து நன்றி சொல்லணும்னு இருந்தேன். நேரமே இல்ல, பாத்துக்க.”

“குழி வெட்டுனதுக்கு எப்படி சார் சர்டிபிகேட் குடுப்பாங்க?”

“குழிக்கு இல்லம்மா. மனநிறைவுக்கு. செத்த நேரம் காதக் குடுத்துக் கேளு. சனங்க குழியத் தாண்டி வாராங்க. கஷ்டமா இருக்கு. அந்த எடத்துல நம்ம ஆளு ஒருத்தர் உக்காந்து சாரி சொல்லுறார். அதுக்கு சனங்க என்ன சொல்லுவாங்க?”

“பரவாயில்லன்னு சொல்லுவாங்க.”

“அங்கதான் பாயிண்ட்டு! ஒரு பரவாயில்லன்னா ஒரு மனநிறைவு. எண்ணி மேல அனுப்புறோம். மத்த ஆபீசுல எல்லாம் ஏங்கிப்போயிக் கெடக்குறானுக.”

“அப்ப குழிய மூடிட்டு, எல்லாரும் நிஜமாவே நெறவா இருந்தா?”

“நெறவா இருக்கான்னு எப்படித் தெரியும்? குழி இல்லாத தெருவுல ஒருத்தன் நடந்து போறான். வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லுறானா? பேசாமப் போயிர்றான். நன்றி கெட்ட பய! குழி இல்லன்னா வருத்தம் இல்ல. வருத்தம் இல்லன்னா பரவாயில்ல கெடயாது. பரவாயில்ல கெடயாதுன்னா மனநிறைவு இல்ல. மனநிறைவே இல்லாத ஊருக்கு என்னத்துக்கும்மா ஒரு ஆபீசு?”

பிரிஸ்கில்லா பல கல்லூரி மேடைகளில் பலரை மடக்கியவள். எதிராளியின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் அவளுக்கு முதல் வேலை. இந்த வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை முழுவதும் தெருவில் இருந்தது.

“வடமதுரப் பக்கம் ஒருத்தர் இருந்தார்” என்று பெருமாள்சாமி குரலைத் தாழ்த்தினார். “நல்ல மனுசன். வெட்டுன குழிய எல்லாம் அன்னன்னைக்கே மூடிட்டார். வருசக் கடைசியில பாத்தா மனநிறைவு முட்ட. மெமோ குடுத்து மாத்திட்டாங்க. பிள்ளகுட்டிக்காரர், பாவம்.”

“சரி சார். யாருமே பரவாயில்லன்னு சொல்லலன்னா?”

அவர் சிரித்தார். சிரித்த சிரிப்பில் டை ஆடியது. “அதுக்கும் விதி இருக்கு. ஒரு எடத்துல வாரம் முழுக்க ஒரு பரவாயில்லகூட வரலன்னா, மேலதிகாரி நேர்ல வந்து பாக்கணும். அவர்கிட்டயும் யாரும் சொல்லலன்னா, அன்னைக்கே குழிய மூடிறணும். ஆனா அந்த விதி சும்மா, அந்தா மூலையில தொங்குற தீயணைப்பு வாளி மாதிரி. அதுல மண்ணும் கெடயாது, தண்ணியும் கெடயாது. ஏம்மா, சாரின்னு ஒருத்தன் சொல்லும்போது பரவாயில்லன்னு சொல்லாம எப்படிம்மா இருப்பாங்க? திண்டுக்கல்லுல மனுசங்கதான இருக்காங்க?”

“இருக்காங்களான்னு பாத்துருவோம் சார்” என்று எழுந்தாள்.

“சாரி ஃபார் தி…”

“வேணாம் சார். வச்சுக்கங்க.”

இந்த இடத்தில் ஊர் நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் பிறந்த வாசகம் அலுவலகத்திலேயே நிற்குமா? பலகையைப் பார்த்துப் பார்த்து ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. நிறுத்தத்தில் நிற்காமல் போன மினி பஸ்ஸின் கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டே அதைச் சொல்லிவிட்டுப் போனார். பிரியாணிக் கடையில் கறி தீர்ந்துபோய் வெறும் சோறு வைத்தவர் சொன்னார். பெண் பார்க்க வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் பெண் பிடிக்கவில்லை என்று போன ஒரு வீட்டார், ‘பிடிக்கவில்லை’ என்று பட்டிக்காட்டுத்தனமாகச் சொல்லாமல் இதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்ணின் அப்பா வாசல் வரை வந்து பரவாயில்லைங்க என்று வழியனுப்பினார். ஒரு காலத்தில் தப்பு செய்தவன் முழித்தான், தலையைச் சொறிந்தான், மறுநாள் வந்து சரிசெய்து கொடுத்தான். இப்போது அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. வாசகத்தைச் சொன்னால் போதும், கை கழுவின மாதிரி. இங்கிலீஷில் சொன்னால் சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி.

தெருவுக்கு வந்தவள் முதலில் குழியோரம் போனாள். அங்கே குடைக்கு அடியில் ஸ்டூல் போட்டு அழகர் உட்கார்ந்திருந்தார். தற்காலிக ஊழியர். கையில் உள்ளங்கை அளவில் ஒரு எண்ணும் கருவி. தாண்டுகிறவருக்கு அவர் சாரி சொல்வார். தாண்டியவர் பரவாயில்லை என்பார். கட்டைவிரல் கருவியை அமுக்கும். ‘டிக்’ என்று ஒரு மனநிறைவு ஏறும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டீக்கடை முகமது பாரூக் கொண்டுவந்து கொடுத்த டீயை அழகர் கைதவறி அவர் கால்மேலேயே கொட்டிவிட்டார். “சாரிங்க பாய்.” “பரவால்ல அழகரு.” டிக்.

“ஏங்க, டீ கொட்டுனதுக்குச் சொன்னதையும் குழிக் கணக்குல ஏத்துறீங்க?” என்று பாய்ந்தாள் பிரிஸ்கில்லா.

“மனநெறவுல அந்தப் பிரிவெல்லாம் இல்லீங்க அம்மிணி” என்றார் அழகர். “இந்த எடத்துல, ஆபீசு ஆளு யாராச்சும் சாரின்னு சொல்லி, தெருவாளு யாராச்சும் பரவாயில்லீன்னா ஏத்திக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கணக்கு நல்லா வந்தா என்னைய பர்மனென்ட் பண்றேன்னாங்க. கோவிச்சுக்காதீங்க கண்ணு. சாரிங்க.”

“பர…” என்று வாய்வரை வந்ததை பிரிஸ்கில்லா கடித்து விழுங்கினாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்தக் குழியைத் திறந்து வைத்திருப்பது பெருமாள்சாமி இல்லை. நாம்தான். வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மண்வெட்டி அளவு தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

அன்று சாயங்காலம் சவப்பெட்டிகளுக்கு நடுவில் தெருக் கூட்டம் கூடியது. உட்கார வசதியான பெட்டிகள் நிறைய இருந்தன. பிரிஸ்கில்லா பேசினாள். இனிமேல் யார் சாரி சொன்னாலும் தெருவாசி எவரும் பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. ஏனென்றால் பரவாயில்லையா? இல்லை, பரவாயிருக்கிறது! எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டும்போது இட்லிக்கடை லூர்தம்மாளின் முழங்கை பாரூக்கின் விலாவில் இடித்தது. “சாரி பாய்.” “பரவால்லம்மா.”

“போச்சு!” என்றாள் பிரிஸ்கில்லா.

“மூளைக்குத் தெரியாமலே நாக்கு சொல்லிருதும்மா” என்று பாரூக் தலையில் கைவைத்தார். “வேணும்னா நாங்க ‘கோயி பாத் நை’ன்னு சொல்லிக்கிறவா? பேகம்பூர்ல எங்க வீட்டுல அப்படித்தான்.”

“அதுவும் அதேதான் பாய். எந்தப் பாஷையில சொன்னாலும் டிக்தான்.”

லூர்தம்மாளுக்கு மட்டும் பயிற்சியே தேவைப்படவில்லை. “எனக்கு என்னைக்குடி அந்த வார்த்த வந்துச்சு? அவன் சாரி சொல்லட்டும், நான் சொல்லுறேன் பதிலு. உன் வருத்தத்தக் கொண்டுபோயி உப்புப் போட்டு ஊறுகா போடுடாம்பேன்.”

சிக்கல் சூசையிடம்தான் இருந்தது. முப்பது வருஷமாகத் துக்க வீட்டாரிடம் பேசிப் பேசி அவருக்குக் கோபமே மறந்துபோயிருந்தது. பிரிஸ்கில்லா அவர் முன்னால் நின்று, “சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்” என்றாள்.

“அதுனால என்னத்தா? பரவால்ல.”

“அப்பா!”

“ஏசு மரி சூசையே! வந்துருச்சே!”

மறுபடி சொன்னாள். மறுபடியும் வந்தது. “பெத்த பிள்ள சாரி சொல்லுது. பரவால்லன்னு சொல்லாம அறையவா முடியும்?” என்று அவர் நியாயம் கேட்டார். கடைசியில் ஆனந்தமேரிதான் வழி கண்டுபிடித்தாள். “ஆணி அடிக்கையில நாலு ஆணிய உதட்டுல கவ்விக்கிட்டு ஊமை மாதிரி வேல பாப்பாரு. அத எந்நேரமும் கவ்விக்கச் சொல்லு.” அன்றிலிருந்து சாப்பிடுவதற்கும் செபமாலை சொல்வதற்கும் மட்டும் சூசை வாயிலிருந்து ஆணியை எடுத்தார்.

மறுநாள் அழகர் குடைக்கு அடியில் காலையிலிருந்து சாரி சொன்னார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். “ஊறுகா போடுடா” என்று ஒரு குரல் மட்டும் இட்லிக் கடையிலிருந்து வந்தது. சாயங்காலம் வரை கருவி டிக் என்று ஒரு சத்தம் போடவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று அழகர் அதைக் காதில் வைத்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பெருமாள்சாமியே வந்துவிட்டார். நிலைமையை ஆராய்ந்து, இடையூறு போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார். உடனடியாக இடையூறு அதிகரிப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. குழியிலிருந்து எடுத்த மண்ணை இட்லிக் கடை வாசலில் குவித்து, குவித்ததற்கு வருத்தம் தெரிவித்தார்கள். பாரூக்கின் ஆட்டை அவிழ்த்துவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். ஆடு திரும்பி வந்து பெருமாள்சாமியின் டையைத் தின்றது. அதற்கு பாரூக் வருத்தம் தெரிவிக்கவில்லை. வருத்தப் பலகையைப் பெரிதாக்கிச் சுற்றிலும் ரோஜாப் பூ வரைந்தார்கள். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, தேன் குரலில் ஒரு பெண் பேசிய கேசட்டைக் காலையும் மாலையும் ஓடவிட்டார்கள். கடைசியில் குழியின் இரண்டு பக்கமும் மேசை போட்டுச் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு என்று வைத்துவிட்டார்கள். தாண்டுகிறவர்கள் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்கள். வாயில் கல்கண்டு இருந்ததால் பேசாமல் இருப்பது இன்னும் சுலபமாகிவிட்டது.

“ஏம்மா,” என்று பெருமாள்சாமி பிரிஸ்கில்லாவிடம் கெஞ்சினார், “ஒரே ஒரு பரவாயில்ல. மெல்லமாக்கூட சொல்லு. என் பொண்ணு வயசு உனக்கு.”

“குழிய மூடுங்க, சத்தமாவே சொல்லுறேன்.”

“மூடிட்டா அப்புறம் எதுக்கும்மா சொல்லணும்?”

அவள் மேசையிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வாரம் முடிந்தது. மண்டலத்தில் முதலிடத்தில் இருந்த துணைக்கோட்டம் மனநிறைவில் முட்டை வாங்கியது. தீயணைப்பு வாளி போலத் தொங்கிக்கொண்டிருந்த விதி முதல்முறையாக இறக்கப்பட்டது. மண்டல அதிகாரி நேரில் வந்தார். அவருக்குப் பின்னால், விதிப்படி, மண் ஏற்றிய லாரி ஒன்றும் உறுமிக்கொண்டு வந்து தெருமுனையில் நின்றது. லாரியைப் பார்த்ததும் ஆனந்தமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மண்டல அதிகாரிதான் இந்த மனநிறைவுத் திட்டத்தின் தகப்பன். மென்மையான மனிதர். நடக்கும்போது தரைக்கே வருத்தம் தெரிவிப்பது போல நடந்தார். தெரு முழுவதும் இரண்டு வரிசையாக நின்றது. அவர் இங்கிலீஷில் சொன்னார். தமிழில், ‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்’ என்று சொன்னார். பாரூக்கிடம் ஹிந்தியிலும் சொன்னார். பாரூக் தொண்டையைச் செருமிக்கொண்டு டீ ஆற்றினார். இரண்டு முழத்துக்கு ஆற்றினார். லூர்தம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிரிஸ்கில்லா அவள் கையைக் கிள்ளினாள். கடைசியாக அதிகாரி சூசையின் முன்னால் வந்து, அவருடைய காய்ப்புக் காய்த்த கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டார்.

“பெரியவரே, உங்க தொழிலே போச்சுன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சாரி.”

சூசையின் கண்ணில் நீர் கோத்தது. உதட்டில் நாலு ஆணியும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. “ம்ம்ம்” என்று ஒரு சத்தம் வந்தது.

அழகர் பெருமாள்சாமியைப் பார்த்தார். “ம்ம்ம்-ன்னா ஏத்தலாமுங்களா?”

“ஏத்த முடியாது” என்று மண்டல அதிகாரியே பெருமூச்சு விட்டார். “விதின்னா விதிதான். நான் இந்த எடத்த விட்டுக் கிளம்புற வரைக்கும் ஒரு பரவாயில்லகூட வரலன்னா லாரிய விட்ருங்க. நான் இப்பக் கிளம்புறேன்.”

கடைப் பக்கம் நின்றவர், ஜீப் நிற்கும் பக்கம் போகக் குழியின் மேல் காலை வைத்தார். அந்தத் தேக்கு மூடி வழவழவென்று பாலீஷ் போட்டது என்று முன்பே சொல்லியிருக்கிறது. அதன் மேல் இரண்டு மூன்று நாள் பன்னீர் வேறு தெளித்திருந்தார்கள். அதிகாரி பலகையின் நடுவரை வந்தார். அதன் பிறகு பலகை மட்டும் தெரிந்தது.

“ஐயையோ!” என்று தெரு முழுவதும் ஓடியது. வாதம், கட்சி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாரூக் டீயைப் போட்டுவிட்டு ஓடினார். லூர்தம்மாள் முந்தானையை அவிழ்த்துக் கயிறாக விட்டாள். பிரிஸ்கில்லா குழி விளிம்பில் மண்டியிட்டுக் கையைக் கொடுத்தாள். “என் கையப் பிடிங்க சார், காலை அந்தக் கல்லுல வைங்க, அப்படித்தான்.” சூசை அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். பெருமாள்சாமி சூசையைப் பிடித்து இழுத்தார். சேறும் சந்தனமுமாக அதிகாரி மேலே வந்து, தடுமாறி எழுந்து நின்றார்.

நின்ற இடம் பிரிஸ்கில்லாவின் வலது கால். பூட்ஸ் கால். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துப் பதறிப்போய்க் காலை எடுத்தார்.

“அச்சச்சோ! காலை மிதிச்சுட்டேனா? வலிக்குதா பாப்பா? சாரிம்மா.”

இது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சாரி இல்லை. ஒரு மனுஷன் சொன்ன சாரி. தெருவில் எல்லாருக்கும் அது கேட்டது. சூசையின் உதட்டிலிருந்து நாலு ஆணியும் கீழே விழுந்தன. தெருமுனையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அழகரின் கட்டைவிரல் கருவியின் மேல் போய் உட்கார்ந்தது. பாவம், அவர்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்.

நியாயத்துக்கு எப்போதும் பதில் வைத்திருப்பவள், மடக்க ஆள் கிடைக்காமல் ஊர் ஊராகப் போய்க் கோப்பை வாங்கி வந்தவள், ஒரு வாரமாக ஒரு தெருவின் நாக்கையே கட்டி வைத்திருந்தவள், மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே சிரித்த முகமாக நிமிர்ந்து சொன்னாள்:

“அதனால என்ன சார், பரவாயில்ல.”